ஸ்ப்ரெட்ஷீட்டில் சார்ட்: கேள்வி முதல் பகிர்வு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சராசரி, மொத்தம், சதவீதம் என்று மூன்று சூத்திரம் போட்டுவிட்டால் தரவைப் புரிந்துகொண்டோம் என்ற நம்பிக்கை வந்துவிடும். அந்த நம்பிக்கை எவ்வளவு ஏமாற்றும் என்பதை 1973-ல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் தெளிவாகக் காட்டினார். அவர் நான்கு சிறிய அட்டவணைகளைத் தயாரித்தார். ஒவ்வொன்றிலும் 11 ஜோடி எண்கள். நான்கிலும் எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5. இரண்டுக்கும் உள்ள தொடர்பின் அளவும் ஏறக்குறைய 0.82 என்று ஒன்றாகவே இருந்தது. படமாக வரைந்தால்தான் வித்தியாசம் தெரிகிறது: முதலாவது ஒரு கோட்டைச் சுற்றிச் சிதறிய புள்ளிகள், இரண்டாவது அழகான வளைவு, மூன்றாவதில் ஒரே ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு விலகி நிற்கிறது, நான்காவதில் ஒன்றைத் தவிர எல்லாப் புள்ளிகளும் செங்குத்தாக அடுக்கி நிற்கின்றன.

சார்ட் வரைவதற்கான காரணம் இதுதான். அறிக்கையை அலங்கரிப்பது அதன் வேலை இல்லை. எண்களில் ஒளிந்திருப்பதைக் கண்ணுக்குக் கொண்டுவருவதே அதன் வேலை. இந்த வழிகாட்டி எக்செல், கூகுள் ஷீட்ஸ், லிப்ரேஆபிஸ் கால்க் மூன்றையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. மெனுக்கள் கொஞ்சம் மாறும். அடிப்படை மூன்றிலும் ஒன்றுதான்.

முதலில் கேள்வியை எழுதுங்கள்

மென்பொருளைத் தொடும் முன், இந்தச் சார்ட் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நூலகம் ஒவ்வொரு மாதமும் இரவல் கொடுத்த புத்தகங்களின் எண்ணிக்கையை கதை, அறிவியல், சிறுவர் என்று மூன்று பிரிவாகப் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே அட்டவணையிலிருந்து பல கேள்விகள் பிறக்கும். சிறுவர் பிரிவு வளர்கிறதா? எந்தப் பிரிவு அதிகம் போகிறது? மொத்தத்தில் அறிவியலின் பங்கு என்ன? முதல் கேள்விக்குக் கோடு வேண்டும், இரண்டாவதற்குப் பட்டை, மூன்றாவதற்குப் பங்கைக் காட்டும் படம். கேள்வி இல்லாமல் வரைந்தால் மூன்றையும் ஒரே படத்தில் திணிப்போம், எதற்கும் பதில் கிடைக்காது. ஒரு சார்ட்டுக்கு ஒரு கேள்வி. இரண்டு கேள்வி இருந்தால் இரண்டு சார்ட் போடுங்கள்.

அட்டவணையைத் தயார் செய்வது

'சார்ட் சரியா வரலை' என்ற புகாரில் பெரும்பாலானவற்றின் வேர் சார்ட்டில் இருக்காது, அட்டவணையில் இருக்கும். அதனால் இந்த இடத்தில் நிதானமாக இருங்கள்.

முதல் கிடைவரிசையில் தலைப்புகள், ஒரே வரிசையில், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒன்று. முதல் நெடுவரிசையில் மாதம், பெயர், பிரிவு போன்ற அடையாளம். அடுத்தடுத்த நெடுவரிசைகளில் எண்கள். நடுவில் காலி வரிசை வேண்டாம். மென்பொருள் அந்த இடத்தோடு அட்டவணை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். இணைத்த செல்களைப் பிரித்துவிடுங்கள். கடைசியில் உள்ள 'மொத்தம்' வரிசையைத் தேர்வில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மொத்தத்தின் பட்டை மட்டும் உயர்ந்து நின்று மற்றதெல்லாம் தரையோடு ஒட்டிப்போகும்.

அடுத்தது, எண் போலத் தெரியும் எழுத்து. வேறு மென்பொருளிலிருந்து நகலெடுத்து ஒட்டிய எண்கள் பல நேரம் எழுத்தாகவே உள்ளே வரும். பொதுவாக எண்கள் செல்லின் வலது பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடது பக்கம். நீங்கள் சீரமைப்பை மாற்றாமல் இருந்தும் ஒரு எண் இடது பக்கம் நின்றால் சந்தேகப்படுங்கள். சார்ட்டில் அது பூஜ்ஜியமாக விழும். செல்லுக்குள் எண்ணோடு அலகையும் சேர்த்து '25 கிலோ' என்று எழுதினாலும் இதே கதைதான். அலகைத் தலைப்பில் எழுதுங்கள், செல்லில் எண் மட்டும் இருக்கட்டும்.

தேதியும் அப்படியே. உண்மையான தேதியாக இருந்தால் மென்பொருளுக்குக் காலம் புரியும்: ஜனவரிக்குப் பிறகு நேராக ஏப்ரல் வந்தால், நடுவில் இரண்டு மாத இடைவெளி விட்டு வரையும். எழுத்தாக இருந்தால் ஜனவரியையும் ஏப்ரலையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திவிடும், மூன்று மாத உயர்வு ஒரே மாதத்தில் நடந்ததுபோலத் தெரியும். சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி, அந்தச் செல்லின் வடிவத்தை 'நம்பர்' என்று மாற்றுவது. ஐந்து இலக்க எண் ஒன்று தெரிந்தால் அது உண்மையான தேதி. எதுவும் மாறவில்லை என்றால் எழுத்து.

வருடங்களுக்கு எக்செலில் ஒரு தனித் தொல்லை உண்டு. முதல் நெடுவரிசையில் 2019, 2020, 2021 என்று இருந்தால், எக்செல் அதையும் வரைய வேண்டிய எண்ணாக எடுத்துக்கொண்டு இரண்டாயிரம் உயரத்தில் ஒரு கோடு போட்டுவிடும். அந்த நெடுவரிசையின் தலைப்புச் செல்லைக் காலியாக விட்டுவிட்டு மறுபடி தேர்ந்தெடுங்கள். எக்செல் அதை அடையாளமாகப் புரிந்துகொள்ளும்.

சார்ட்டை நுழைப்பது

இது மிகச் சுலபமான பகுதி.

எக்செலில்: தலைப்புகளோடு சேர்த்து அட்டவணையைத் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் தாவலில் 'ரெக்கமண்டட் சார்ட்ஸ்' அழுத்துங்கள். விண்டோஸில் ஆல்ட் + எஃப்1 அழுத்தினால் அதே ஷீட்டில் சார்ட் வரும். எஃப்11 அழுத்தினால் தனி ஷீட்டில் வரும். வேண்டிய நெடுவரிசைகள் தள்ளித் தள்ளி இருந்தால், கன்ட்ரோல் விசையைப் பிடித்தபடி ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கலாம்.

கூகுள் ஷீட்ஸில்: இன்செர்ட், பிறகு சார்ட். வலது பக்கம் திறக்கும் சார்ட் எடிட்டரில் இரண்டு தாவல்கள் இருக்கும். செட்டப் என்பது தரவுக்கும் வகைக்கும், கஸ்டமைஸ் என்பது தோற்றத்துக்கும். அது மூடிவிட்டால் சார்ட்டை இரண்டு முறை கிளிக் செய்தால் மறுபடி வரும்.

லிப்ரேஆபிஸ் கால்கில்: இன்செர்ட், சார்ட் என்றதும் ஒரு விசார்ட் திறக்கும். வகை, தரவு வரம்பு, தரவுத் தொடர்கள், தலைப்பு முதலான உறுப்புகள் என்று நான்கு படிகள். கற்றுக்கொள்பவருக்கு இந்த விசார்ட் நல்ல ஆசிரியர் என்பது என் கருத்து. சார்ட் எப்படி உருவாகிறது என்பதை வரிசை மாறாமல் காட்டுகிறது.

சார்ட் உங்கள் அட்டவணையை எப்படிப் படிக்கிறது

எந்தச் சார்ட்டும் மூன்று தகவல்களால் ஆனது: சீரிஸின் பெயர், அடையாளங்கள், மதிப்புகள். நூலக உதாரணத்தில் 'சிறுவர்' என்பது ஒரு சீரிஸ். மாதங்கள் அதன் அடையாளங்கள். எண்ணிக்கைகள் அதன் மதிப்புகள். எக்செலில் ஒரு கோட்டையோ பட்டையையோ கிளிக் செய்துவிட்டு மேலே சூத்திரப் பட்டையைப் பாருங்கள். சீரிஸ் என்று தொடங்கும் ஒரு சூத்திரம் தெரியும். அதற்குள் இந்த மூன்றும், நான்காவதாக வரையும் வரிசை எண்ணும் இருக்கும். அந்தச் சூத்திரத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டால், தப்பான வரம்பை எடுத்திருக்கும் சார்ட்டை நொடியில் கண்டுபிடிக்கலாம். அங்கேயே திருத்தவும் செய்யலாம்.

மாதங்கள் கீழே வராமல், பிரிவுகள் கீழேயும் மாதங்கள் பன்னிரண்டு நிறங்களாகவும் வந்துவிட்டதா? கிடைவரிசையை சீரிஸாக எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எக்செலிலும் கூகுள் ஷீட்ஸிலும் வரிசையையும் நெடுவரிசையையும் மாற்றும் 'ஸ்விட்ச்' வசதி இருக்கிறது. கால்கில் தரவு வரம்புப் படியில் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

எந்த வகை?

மனிதக் கண் எதைத் துல்லியமாக அளக்கும் என்பதை வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1984-ல் சோதனைகளோடு வெளியிட்டார்கள். ஒரே அளவுகோலின் மேல் புள்ளி எங்கே இருக்கிறது என்பதை நாம் மிகத் துல்லியமாக மதிப்பிடுகிறோம். அடுத்து நீளம். கோணம் அதற்கும் கீழே, பரப்பு இன்னும் கீழே. சார்ட் வகைகளைப் பற்றிய வாதங்களில் பாதியை இந்த ஒரு வரிசை தீர்த்துவிடும்.

ஒப்பிட வேண்டுமா, பட்டை. நிற்கும் பட்டைக்கும் படுத்திருக்கும் பட்டைக்கும் அளவைக் காட்டுவதில் வித்தியாசம் இல்லை. ஆனால் பெயர்கள் நீளமாக இருந்தால் படுத்த பட்டையே நல்லது, எழுத்து சாய்ந்து நிற்காது. பெரியது முதல் சிறியது வரை அடுக்குங்கள். அதற்கு அட்டவணையை வரிசைப்படுத்தினால் போதும். எக்செலில் படுத்த பட்டையில் முதல் வரிசை அடியில் வந்து நிற்கும். அச்சின் அமைப்பில் 'கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்' என்பதை டிக் செய்தால் மேலே வந்துவிடும்.

காலத்தோடு மாறுவதைக் காட்ட வேண்டுமா, கோடு. ஆனால் கோடு என்பது அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே தொடர்ச்சி இருக்கிறது என்று சொல்லும். கதைப் பிரிவிலிருந்து அறிவியல் பிரிவுக்குக் கோடு இழுத்தால் அதற்குப் பொருளே இல்லை.

இரண்டு அளவுகளுக்கு இடையே உறவு இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேட்டர், அதாவது ஒவ்வொரு ஜோடி எண்ணையும் ஒரு புள்ளியாக வைக்கும் படம். இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். லைன் சார்ட்டும், கோட்டால் இணைத்த ஸ்கேட்டர் சார்ட்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். லைன் சார்ட்டோ கீழ் அச்சை வெறும் அடையாளமாக எடுத்துக்கொண்டு சம இடைவெளியில் நிறுத்துகிறது. தேதிகளுக்கு மட்டும்தான் விதிவிலக்கு. வெப்பநிலை 10, 20, 50, 100 என்று இருந்தால், லைன் சார்ட்டில் நான்கும் சம தூரத்தில் நிற்கும், வளைவின் வடிவமே பொய்யாகிவிடும். கீழ் அச்சிலும் அளந்த எண் இருந்தால் ஸ்கேட்டர்தான், வேறு பேச்சே இல்லை.

ஒரே அளவின் பரவலைக் காட்ட ஹிஸ்டோகிராம். எக்செலில் 2016 பதிப்பிலிருந்து தனி வகையாகவே இருக்கிறது, கூகுள் ஷீட்ஸிலும் உண்டு. இல்லாத இடத்தில் 'ஃப்ரீக்வென்சி' சூத்திரத்தால் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, இடைவெளி இல்லாத பட்டைகளாக வரைந்துகொள்ளலாம்.

வட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் பை சார்ட்டுக்கு வருவோம். 1786-ல் கோட்டுப் படத்தையும் பட்டைப் படத்தையும் பொருளாதாரத் தரவுக்குக் கொண்டுவந்த வில்லியம் பிளேஃபேர்தான் 1801-ல் பையையும் அறிமுகப்படுத்தினார். இரண்டு நூற்றாண்டு கடந்தும் அது போகவில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது: 'இது முழுமையின் ஒரு பங்கு' என்பதை அதைப்போல உடனே உணர்த்தும் படம் வேறு இல்லை. எல்லாத் துண்டும் சேர்ந்து நூறு சதவீதம் ஆக வேண்டும், இரண்டு மூன்று துண்டுகள் மட்டும் இருக்க வேண்டும், ஒன்று தெளிவாகப் பெரியதாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் தயங்காமல் பயன்படுத்துங்கள். 22, 24, 21 என்று நெருங்கிய துண்டுகள் வந்துவிட்டால் பட்டைக்குப் போங்கள்.

அடுக்குப் பட்டையில் அடியில் உள்ள அடுக்கையும் மொத்த உயரத்தையும் மட்டுமே கண்ணால் சரியாக ஒப்பிட முடியும். நடு அடுக்குகள் ஒவ்வொன்றும் வேறு வேறு உயரத்தில் தொடங்குவதால் எதுவும் பிடிபடாது. எனவே முக்கியமான சீரிஸை அடியில் வையுங்கள்.

முப்பரிமாணச் சார்ட் வேண்டாம். முன்னால் நிற்கும் பட்டை பின்னால் இருப்பதை மறைக்கிறது. சாய்ந்த கோணம் நீளத்தைத் திரிக்கிறது. பையில் பார்ப்பவர் பக்கம் உள்ள துண்டு இருப்பதைவிடப் பெரியதாகத் தெரிகிறது. அதனால் கிடைக்கும் நன்மை என்று ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அச்சில் நேர்மை

பட்டையின் நீளமே மதிப்பு. அதனால் பட்டைச் சார்ட்டின் அச்சு பூஜ்ஜியத்தில்தான் தொடங்க வேண்டும். 95-ஐயும் 100-ஐயும் 90-லிருந்து தொடங்கி வரைந்தால், ஒன்று மற்றொன்றைப்போல இரண்டு மடங்கு உயரமாகத் தெரியும். நீங்கள் ஏமாற்ற நினைக்காவிட்டாலும் மென்பொருளே இதைச் செய்யும். எக்செலின் தானியங்கி அச்சு, பெரிய மதிப்புக்கும் சிறிய மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் பெரிய மதிப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால், பூஜ்ஜியத்தை விட்டுவிட்டு மேலே எங்கோ தொடங்கிவிடும். சரிசெய்ய, செங்குத்து அச்சைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + 1 அழுத்தி, 'மினிமம்' பெட்டியில் 0 என்று நீங்களே எழுதுங்கள். கூகுள் ஷீட்ஸில் கஸ்டமைஸ் தாவலில் செங்குத்து அச்சின் கீழ் இதே 'மின்' பெட்டி இருக்கும்.

கோட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே நீளத்தைப் பார்ப்பதில்லை, ஏற்ற இறக்கத்தைத்தான் பார்க்கிறோம். உடல் வெப்பநிலையைப் பூஜ்ஜியத்திலிருந்து வரைந்தால் காய்ச்சலே தெரியாது. ஆனால் ஒரே அறிக்கையில் இரண்டு கோட்டுச் சார்ட்டுகளைப் பக்கத்தில் வைத்தால், இரண்டுக்கும் ஒரே குறைந்தபட்சம், ஒரே அதிகபட்சம் கொடுங்கள்.

மதிப்புகள் பத்திலிருந்து பத்து லட்சம் வரை பரவியிருந்தால் லாக் அளவுகோல் உதவும். அதில் சம தூரம் என்பது சம மடங்கு. பூஜ்ஜியத்தையும் குறை எண்களையும் அதில் காட்ட முடியாது. வாசகருக்குப் பழக்கமில்லை என்றால் சார்ட்டிலேயே ஒரு வரி எழுதி விளக்குங்கள்.

இரண்டாவது அச்சு, டிரெண்ட்லைன்

அலகு வேறான இரண்டு சீரிஸை ஒரே படத்தில் காட்ட 'செகண்டரி ஆக்சிஸ்' என்ற வசதி இருக்கிறது. சீரிஸை வலது கிளிக் செய்து அதன் ஃபார்மட்டில் தேர்ந்தெடுத்தால் வலப்பக்கம் இன்னொரு அச்சு முளைக்கும். இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் தரவிலிருந்து வருவதில்லை, நீங்கள் அமைத்த அளவுகோல்களிலிருந்து வருகிறது. அளவுகோலை மாற்றினால் வெட்டும் இடமும் மாறும். பார்ப்பவரோ அங்கே ஏதோ முக்கியமாக நடந்ததாக நினைப்பார். இரண்டு சிறிய சார்ட்டுகளை ஒன்றின் கீழ் ஒன்றாக, மாதங்கள் நேர் நேராக வரும்படி வைப்பதையே நான் பரிந்துரைப்பேன். வளர்ச்சியை மட்டும் ஒப்பிட வேண்டுமென்றால், முதல் மாதத்தை 100 என்று வைத்து இரண்டையும் மாற்றிக் கணக்கிட்டு ஒரே அச்சில் வரையலாம்.

டிரெண்ட்லைனை, அதாவது புள்ளிகளின் பொதுப் போக்கைக் காட்டும் கோட்டை, ஸ்கேட்டர் சார்ட்டில் போடுங்கள். எக்செலின் லைன் சார்ட்டில் போட்டு அதன் சமன்பாட்டைக் காட்டச் சொன்னால், கீழ் அச்சில் அடையாளங்களாக நிற்கும் எண்களை அது கணக்கில் எடுக்காது. 1, 2, 3 என்ற வரிசை எண்களை வைத்தே கணக்கிடும். அந்தச் சமன்பாட்டை வேறு இடத்தில் பயன்படுத்தினால் விடை தப்பாகும். கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் ஆர் ஸ்கொயர் மதிப்பு உயர வேண்டும் என்பதற்காக, வளைந்த டிரெண்ட்லைனான பாலினாமியலின் படியைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். கோடு எல்லாப் புள்ளியையும் தொடும், ஆனால் அடுத்த புள்ளி எங்கே விழும் என்பதைச் சொல்லாது.

காலிச் செல்களும் மறைத்த வரிசைகளும்

ஒரு மாதம் தரவு பதிவாகவில்லை என்பதும், அந்த மாதம் எண்ணிக்கை பூஜ்ஜியம் என்பதும் வேறு வேறு. எக்செலில் 'செலக்ட் டேட்டா' பெட்டிக்குள் 'ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ்' என்ற பொத்தான் இருக்கிறது. காலிச் செல்லை இடைவெளியாக விடுவதா, பூஜ்ஜியமாக வரைவதா, இரு பக்கப் புள்ளிகளையும் கோட்டால் இணைப்பதா என்று அங்கே முடிவு செய்யலாம். சூத்திரத்தால் வெற்று எழுத்து வரவைத்த செல் காலி என்று கணக்கில் வராது, பூஜ்ஜியமாக விழும். அந்த இடத்தில் 'என்ஏ' சூத்திரத்தைப் பயன்படுத்தினால் கோடு தரைக்கு இறங்காது.

அதே பெட்டியில் இன்னொன்றும் உண்டு. மறைத்த வரிசைகளை எக்செல் இயல்பாகச் சார்ட்டில் காட்டாது. அட்டவணையைச் சுருக்கி வைத்ததும் சார்ட் காணாமல் போனால் பயப்பட வேண்டாம், மறைத்த தரவையும் காட்டச் சொல்லும் பெட்டியை டிக் செய்தால் திரும்பி வரும்.

துடைத்துச் சுத்தம் செய்வது

தலைப்பில் பதிலையே எழுதுங்கள். 'மாதவாரி இரவல்' என்பதைவிட 'விடுமுறை மாதங்களில் சிறுவர் பிரிவு மற்ற இரண்டையும் முந்துகிறது' என்பது வாசகருக்கு வழிகாட்டும். அலகும் கால வரம்பும் அதன் கீழ் சிறிய எழுத்தில் வரட்டும்.

எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் லெஜண்டை நீக்கிவிட்டு, கோட்டின் வலது முனையிலேயே பெயரை எழுதினால் கண் அங்கும் இங்கும் அலையாது. கடைசிப் புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து, அதற்கு டேட்டா லேபிள் சேர்த்து, மதிப்புக்குப் பதிலாக சீரிஸ் பெயரைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சீரிஸ் மட்டும் இருந்தால் லெஜண்ட் தேவையே இல்லை.

நிறத்தைச் சிக்கனமாகக் கையாளுங்கள். மற்றவற்றைச் சாம்பலாக்கி, சொல்ல வந்த ஒன்றுக்கு மட்டும் அடர்ந்த நிறம் கொடுத்தால் சொல்ல வேண்டியது உடனே தெரியும். சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாத பார்வை பலருக்கு, குறிப்பாக ஆண்களுக்கு உண்டு. அதனால் அந்த ஜோடியைத் தவிர்த்து நீலமும் ஆரஞ்சும் எடுங்கள். கட்டக் கோடுகளை வெளிறச் செய்யுங்கள். எல்லாப் பட்டையின் மேலும் எண் போட்டுவிட்டால் அச்சு தேவையில்லை, இரண்டில் ஒன்று போதும். எக்செலில் பட்டைகள் ஒல்லியாக இருந்தால், பட்டைகளுக்கு இடையே உள்ள இடைவெளியான 'கேப் விட்த்' அளவை 60, 70 சதவீதம் வரை குறைத்துப் பாருங்கள்.

தானாக வளரும் சார்ட்

மாதாமாதம் சார்ட்டின் வரம்பைக் கையால் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். எக்செலில் அட்டவணைக்குள் நின்று கன்ட்ரோல் + T அழுத்தி அதை 'டேபிள்' ஆக்கிவிட்டால், கீழே புதிய வரிசை சேர்ந்ததும் சார்ட்டும் நீளும். கூகுள் ஷீட்ஸில் கீழே உள்ள காலி வரிசைகளையும் சேர்த்து வரம்பைக் கொடுத்து வைக்கலாம். கால்கில் வரம்பின் கடைசி வரிசைக்குக் கீழே எழுதினால் சார்ட் கண்டுகொள்ளாது, ஆனால் வரம்புக்கு நடுவே வரிசை நுழைத்தால் சேர்த்துக்கொள்ளும்.

ஒரே தோற்றம் அடிக்கடி வேண்டுமென்றால், எக்செலில் முடித்த சார்ட்டை வலது கிளிக் செய்து டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். அப்புறம் ஒரு செல்லுக்குள்ளேயே அடங்கும் குட்டிச் சார்ட்டான ஸ்பார்க்லைனையும் மறக்காதீர்கள். எக்செலில் 2010 பதிப்பிலிருந்தும், லிப்ரேஆபிஸில் 7.4 பதிப்பிலிருந்தும் இருக்கிறது, கூகுள் ஷீட்ஸில் அதே பெயரில் ஒரு சூத்திரமாகக் கிடைக்கிறது. ஐம்பது வரிசைக்கும் தனித்தனிப் போக்கு காட்ட இதைவிட நல்ல வழி இல்லை.

பகிர்வதற்கு முன்

சார்ட்டை வலது கிளிக் செய்து 'ஆல்ட் டெக்ஸ்ட்', அதாவது படத்துக்குப் பதிலாகப் படிக்கப்படும் விளக்கம், எழுதுங்கள். கூகுள் ஷீட்ஸில் சார்ட்டின் மூலையில் உள்ள மூன்று புள்ளி மெனுவில் அது இருக்கும். திரை வாசிப்பான் பயன்படுத்துபவருக்கு உங்கள் சார்ட் அந்த ஒரு வரிதான். 'பட்டைச் சார்ட்' என்று எழுதி நிறுத்தாமல் சார்ட் சொல்லும் செய்தியை எழுதுங்கள். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் சீரிஸ்கள் பிரிந்து தெரிகின்றனவா என்று அச்சு முன்னோட்டத்தில் ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக, எக்செலிலிருந்து வேர்டுக்கோ பவர்பாயின்ட்டுக்கோ ஒட்டும்போது கவனம் வேண்டும். ஒட்டியதும் வரும் சிறிய பட்டியலில் 'எம்பெட்' தேர்ந்தெடுத்தால் சார்ட்டோடு முழு ஒர்க்புக்கும், அதன் மற்ற ஷீட்டுகள் உட்பட, அந்தக் கோப்புக்குள் போய்விடும். பெறுபவர் அதைத் திறந்து எல்லாவற்றையும் படிக்கலாம். 'லிங்க்' தேர்ந்தெடுத்தால் மூலக் கோப்பு மாறும்போது சார்ட்டும் மாறும், ஆனால் மூலக் கோப்பை இடம் மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும். தனிப்பட்ட விவரங்கள் உள்ள ஒர்க்புக் என்றால் 'பிக்சர்' என்பதையே தேர்ந்தெடுங்கள்.